தொக்கணமும் ஆசனமும் மூச்சும்

அண்ணாமலை நகரை அடுத்த தில்லைக் கோயிலின் கோபுர வாயில்களில் 108 கரணச் சிற்பங்களைக் காண்கிறோம். அவற்றை ஆசனங்கள் என்பாரும் உளர், அவை ஆடற்கலைக்குரியன. உடல் வளைவதெல்லாம் யோகமாகாது. மூச்சும் உடன் இசைதல் வேண்டும். திருமூலர் உள்ளிழுத்தலுக்கு 16, நிறுத்தலுக்கு 64, வெளிவிடுதலுக்கு 32 மாத்திரை வகுத்தார். (மாத்திரை இங்குக் கால அளவு, மருந்துக் கடைச் சரக்கன்று.)

சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளுள் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அஃது ஒன்பது வகைப்படும். இவற்றுள் இழுத்தலும் அசைத்தலும் ஆசனத்தின் பணியைப் பிறர் கையால் செய்விப்பன. எனவே, முதலில் பிடித்துத் தளர்த்தி, பின்னர்த் தாமே உடலை நீட்டி, நீட்டுங்கால் மூச்சை மெல்ல வெளிவிடுதல் பொருந்தும் எனக் கருதுகிறோம். மூச்சை நிறுத்துதல் மட்டும் அனைவர்க்கும் ஏற்றதன்று; இரத்த அழுத்தமுடையோர் அந்த 64 மாத்திரையை முயலவே வேண்டா.