அக்குபஞ்சர் ஊசிக்குப் போகும் முன்: நோயாளியும் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

வேடசந்தூரைச் சுற்றியுள்ள நூற்பாலைகளில் ஷிஃப்ட் முழுக்க நின்றபடியே வேலை பார்ப்பவர்களுக்கு முழங்காலும் இடுப்பும் வலிப்பது புதுச் செய்தி அல்ல. தோட்டத்தில் குனிந்து களை எடுப்பவர்களுக்கும் அப்படித்தான். வலி மாத்திரை போட்டுப் போட்டு அலுத்துப் போனவர்களின் செல்போனுக்கு ஒருநாள் ஒரு வாட்ஸ்அப் விளம்பரம் வரும்: ‘மருந்தில்லா மருத்துவம், அக்குபஞ்சர்.’ அதன் பிறகு வீட்டில் நடக்கிற பேச்சு அநேகமாக இப்படி இருக்கும்.

“ஏம்மா, அந்த ஊசி வைத்தியத்துல முட்டி வலி மட்டுமில்ல, சுகரும் போயிருதாம். மாத்திரையே வேணாம்னு சொல்றாங்களாம்.”

“வலிக்கு வேணும்னா போய்ப் பாப்போம் அப்பத்தா. சுகர் மாத்திரைய நிறுத்துற பேச்சு மட்டும் வேணாம்.”

பேத்தி சொன்னது சரி. ஏன் சரி என்பதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

முதலில் இது என்ன வைத்தியம்? சீனாவின் பாரம்பரிய மருத்துவத்தில் ஒரு பகுதிதான் அக்குபஞ்சர். உடலில் ‘சி’ என்னும் உயிராற்றல் சில பாதைகளில் ஓடுகிறது, அது தடைப்பட்டால் நோய் வருகிறது என்பது அவர்களுடைய பழைய விளக்கம். அந்தப் பாதைகளில் 361 புள்ளிகளை உலக சுகாதார நிறுவனம் தரப்படுத்தி வெளியிட்டிருக்கிறது. நம் சித்த மருத்துவத்தின் வர்மப் புள்ளிகளோடு இதை ஒப்பிட்டுப் பேசுவோர் உண்டு. ஆனால் இரண்டும் வேறு வேறு மரபுகள். இன்றைய மருத்துவ ஆய்வுகள் தரும் விளக்கம் வேறு: ஊசி நரம்புகளைத் தூண்டும்போது வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின் போன்ற பொருள்களை உடலே சுரக்கிறது. ஊசி வழியாக மருந்து எதுவும் உள்ளே போவதில்லை. தலைமுடியைவிடச் சற்றுத் தடிமனான, உள்ளே துளையில்லாத ஊசி அது. குத்தியபின் 20 முதல் 30 நிமிடம் அப்படியே விட்டு எடுப்பார்கள்.

இந்தியாவுக்கு இது வந்த கதையும் சுவையானது. 1938-இல் போரில் சிக்கிய சீனாவுக்கு ஐந்து இந்திய மருத்துவர்கள் உதவிக்குப் போனார்கள். அவர்களில் துவாரகநாத் கோட்னிஸ் 1942-இல் அங்கேயே இறந்துவிட்டார். அதே குழுவில் போய்த் திரும்பிய விஜய் குமார் பாசுதான், 1950-களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று அக்குபஞ்சர் கற்று, கொல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். முறைப்படி நவீன மருத்துவம் படித்த டாக்டர் அவர். பழைய மருந்துகளைத் தூக்கி எறியச் சொல்லி இந்த வைத்தியம் இங்கே வரவில்லை என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரில் வெளியிட்ட ஆணையில், பதிவு பெற்ற மருத்துவர்களோ உரிய பயிற்சி பெற்றவர்களோ அக்குபஞ்சரை ஒரு சிகிச்சை முறையாகச் செய்யலாம் என்றது. 2019 பிப்ரவரி 21-இல் அது தனித்த சிகிச்சை முறையாக அங்கீகரிக்கப்பட்டது. மேற்கு வங்கமும் மகாராஷ்டிரமும் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியுள்ளன. ஆகவே ‘அக்குபஞ்சர் என்பதே போலி’ என்று சொல்ல முடியாது. அதற்காக, வார இறுதியில் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டுக்கொள்கிறவர் மருத்துவர் ஆகிவிடவும் மாட்டார். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறையில் பட்டம் பெற்றுப் பதிவு செய்தவர்தான் ‘டாக்டர்’ என்று போடலாம்.

நம் மாநிலத்தில் இதைப் பாதுகாப்பாகப் பெற ஒரு வழி இருக்கிறது. யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பான பி.என்.ஒய்.எஸ். ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அதில் அக்குபஞ்சரும் பாடம். சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியும் மருத்துவமனையும் உள்ளன. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. வேடசந்தூர்க்காரர்கள் திண்டுக்கல் பஸ் ஏறும் முன், 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டு, எந்த மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது, எந்தக் கிழமை பார்க்கிறார்கள், அங்கே அக்குபஞ்சர் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அலைச்சல் மிச்சம்.

இனி முக்கியமான கேள்வி: எதற்குப் பலன் உண்டு? நாள்பட்ட முதுகு வலி, கழுத்து வலி, முழங்கால் தேய்மான வலி, அடிக்கடி வரும் தலைவலி ஆகியவற்றுக்கு ஓரளவு பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 39 ஆய்வுகளில் கலந்துகொண்ட ஏறத்தாழ 20,800 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். ஊசி வைக்காதவர்களைவிட வைத்தவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் ஊசி வைப்பதுபோல் பாவனை செய்தவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறியதுதான். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி அமைப்பு 2016-இல் இடுப்பு வலிக்கு அக்குபஞ்சர் வேண்டாம் என்றது. 2021-இல் காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கு அதைக் கருதிப் பார்க்கலாம் என்றது. நிபுணர்களுக்குள்ளேயே இழுபறி இருக்கிறது. எனவே ‘நூறு சதவீதம் குணம்’ என்று போர்டு வைத்திருப்பவரிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள். புற்றுநோய்க்கு கீமோ ஏற்றுபவர்களின் குமட்டலை, மணிக்கட்டின் உட்புறப் புள்ளி ஒன்றைத் தூண்டிக் குறைக்கலாம் என்பதற்கும் ஆதாரம் உண்டு. கவனியுங்கள்: குறைவது குமட்டல்தான், புற்றுநோய் அல்ல.

புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிற ஊர் வேடசந்தூர் என்பதால் இதையும் சொல்லிவிடலாம். காதில் ஊசி வைத்தால் பீடி, சிகரெட் பழக்கம் விட்டுப்போகும் என்கிறார்கள். நீண்ட நாளைக்கு அது நிற்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. அதற்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை பெறுவது மேல்.

சர்க்கரை விஷயத்துக்கு வருவோம். ஊசி வைத்தபின் உடம்பு லேசாக இருப்பதாகத் தோன்றலாம். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. இன்சுலினையே நம்பி இருக்கும் குழந்தைகளுக்கு அதை நிறுத்தினால் ஒரு சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து வரும். பெரியவர்களுக்கு ஆபத்து சத்தமில்லாமல் வரும்: கண், சிறுநீரகம், கால் என்று ஒவ்வொன்றாக. பிரஷர் மாத்திரை, வலிப்பு மாத்திரை, காசநோய் மாத்திரை, தைராய்டு மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். அளவைக் குறைப்பதானால் எழுதிக் கொடுத்த டாக்டர்தான் குறைக்க வேண்டும். மருந்து வாங்கப் போய்வருவதுதான் சிரமம் என்றால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளும், தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. முட்டி வலிக்கு அந்தப் பயிற்சிகளே பாதி வைத்தியம்.

சில வலிகளுக்கு ஊசியைத் தேடிப் போகவே கூடாது. இடுப்பு வலியோடு சிறுநீர் அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப் போவது, காலில் பலம் குறைவது. வலியோடு காய்ச்சல், எடை குறைதல். வயதானவர் கீழே விழுந்தபின் வரும் வலி. இவற்றுக்கு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இடது தோளில் வலி, நெஞ்சில் பாரம், வியர்வை என்றால் அது வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், 108. வாய் கோணிப் பேச்சுக் குழறினாலும் 108. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன் தரும். அந்த நேரத்தை எந்த வைத்தியரின் திண்ணையிலும் செலவழிக்க முடியாது.

சரி, விசாரித்துத் தெளிந்து போகிறீர்கள். ஊசி உறையைப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் புது ஊசி. உங்கள் கண் முன்னால் உறை பிரிக்கப்பட வேண்டும். ஒருவருக்குக் குத்தியதை மற்றவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலை ‘பி’ வகைக் கிருமி பரவும். எடுத்த ஊசி சாதாரணக் குப்பைக்கூடைக்குள் விழக்கூடாது, துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் விழ வேண்டும். இது 2016 மருத்துவக் கழிவு விதி. கேட்பதில் கூச்சம் வேண்டாம், ஊசி குத்துப்படப் போவது நம் உடம்பில்தான்! ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், கர்ப்பிணி, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவருக்கு மின்சாரம் இணைத்த ஊசி ஆகாது. வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வரலாம், லேசாகச் சாப்பிட்டுப் போங்கள். நெஞ்சுப் பகுதியில் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரல் துளைபடும் அபாயம் அரிதாக உண்டு. சிகிச்சைக்குப் பின் மூச்சுத் திணறினால் தாமதிக்காதீர்கள்.

சீன முறையில் சூடு காட்டுவதும் உண்டு. மாசிபத்திரி இனத்து இலையை உருட்டிப் பற்றவைத்துப் புள்ளிகளின் அருகே பிடிப்பார்கள். சர்க்கரையால் கால் மரத்தவருக்கு இது ஆபத்து: சூடு தெரியாது, வெந்த பிறகுதான் தெரியும்.

மூலிகை மருந்தில் இன்னும் கவனம் வேண்டும். சீன மூலிகையான சிங்ஹாவோவிலிருந்து மலேரியா மருந்தைக் கண்டெடுத்த தூ யூயூவுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது உண்மை. 1990-களில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் கெட்டதும் அதே அளவு உண்மை. அதற்குக் காரணமான செடி, நம் ஊர் ஆடுதின்னாப்பாளையின் இனம். பெயர் தெரியாத ‘சீன வலி மாத்திரை’யை ஆன்லைனில் வாங்காதீர்கள், ஸ்டீராய்டு கலந்தவை பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன.

பணம் கட்டும்போது ஒவ்வொரு முறைக்கும் ரசீது கேளுங்கள். பத்து முறைக்கும் சேர்த்து முன்பணம் தர வேண்டாம். நாலைந்து முறையில் மாற்றம் தெரியவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம். கியூ.ஆர். கோடில் கட்டிய விவரம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், டாக்டர் சீட்டின் போட்டோ மூன்றும் போனில் இருக்கட்டும். சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு, பக்கவாதம் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பணம் வாங்கிக்கொண்டு செய்த சேவையில் குறை இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் சொல்லலாம். திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. மனுவை இ-ஜாக்ரிதி இணையதளத்தில் போனிலிருந்தே பதிவு செய்யலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.