தூக்கும் கைகளுக்கும் பலம் வேண்டும்

வண்டில் மாட்டின் கழுத்தில் நுகம் பட்டுப் புண் வந்தால், கமக்காரன் அதை அவிழ்த்துவிட்டு மருந்து போடுவான். மாடு விழுந்தால் வயலும் விழும் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் நடக்க இயலாத பிள்ளையை நாள் முழுவதும் தூக்கி இறக்கும் தாயின் நாரியைப் பற்றி வீட்டில் எவரும் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.

பெருமூளை வாதம் போன்ற குறைபாடுள்ள பிள்ளை வளர வளரப் பாரமும் கூடுகிறது. மூன்று வயதில் இடுப்பில் சுமந்த பிள்ளையைப் பத்து வயதிலும் அதே மாதிரித் தூக்குகிறோம். சொந்த ஊரில் உதவிக்கு அம்மம்மாவும் சித்தியும் இருந்தார்கள். இடம்பெயர்ந்த இடத்தில் கிணறும் தூரம், மலசலகூடமும் தூரம், உதவிக் கையும் குறைவு. தாய் படுத்துவிட்டால் பிள்ளையை யார் தூக்குவது?

"தேகப்பயிற்சிக்கு எங்கே நேரம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வளர்ந்தவர்கள் கிழமைக்கு 150 நிமிடமாவது உடலை இயக்க வேண்டும், இரண்டு நாட்களாவது தசைகளுக்குப் பலமூட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வழிகாட்டியது. ஒரே மூச்சில் செய்யத் தேவையில்லை; சில நிமிட இயக்கமும் கணக்கில் சேரும். தண்ணீர் சுமப்பதும் மண் கொத்துவதும் இயக்கந்தான். ஆனால் அவை நாரியைக் களைக்கச் செய்கின்றன. நாரியைத் தாங்கும் தசைகளை நாம் தனியாகப் பலப்படுத்த வேண்டும்.

1. உலை கொதிக்கும்வரை, தூணைப் பிடித்துக்கொண்டு குதிக்கால்களை மெல்ல உயர்த்தி இறக்குங்கள்.

2. வாங்கில் இருந்து, கைகளை ஊன்றாமல் எழும்புங்கள். மீண்டும் மெதுவாக இருங்கள். பாரம் தூக்க வேண்டியவை தொடைகளே.

3. மரத்தில் உள்ளங்கைகளை ஊன்றி, முழங்கைகளை மடித்து நெஞ்சை மரத்தருகே கொண்டுபோய், பின் தள்ளி நிமிருங்கள்.

4. இரவில் பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, இடுப்பை உயர்த்தி ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து இறக்குங்கள்.

ஒவ்வொன்றும் 5 தடவையில் தொடங்கி 10 ஆகக் கூட்டலாம். மூச்சை அடக்க வேண்டாம். எண்ணும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். அதற்கும் அது படிப்பு, விளையாட்டு.

தூக்கும் முறையும் முக்கியம். பிள்ளைக்கு அருகே போய், கால்களை அகட்டி, முதுகை வளைக்காமல் முழங்காலை மடியுங்கள். பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, தொடைப் பலத்தால் எழும்புங்கள். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதங்களை எடுத்து வைத்துத் திரும்புங்கள். பாரமான பிள்ளையை இருவராகத் தூக்குங்கள். நெல் மூடையைத் தனியே தூக்காத தகப்பன், பிள்ளையைத் தாய் தனியே தூக்க விடலாமா?

கர்ப்பிணிகளும் இருதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்டே பயிற்சியைத் தொடங்க வேண்டும். பயிற்சியால் நோவு கூடினால் நிறுத்துங்கள். நாரி நோவுடன் கால் விறைத்தாலோ பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமற் போனாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கூடிப் பேசுவோம்

- நமது அயலில் இப்படியான பிள்ளையைப் பராமரிப்பவர் யார்?
- அவருக்காக நாளுக்குப் பத்து நிமிடம் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நம்மில் யார் முன்வருவோம்?