ரம்புட்டான் நடுவோம்

மழைக்காலத்தில் திருவனந்தபுரம் கடைகளில் சிவப்புப் பழம் குவிந்திருக்கும். தோலில் மயிர் போல இருக்கும். அதுதான் ரம்புட்டான். மலாய் மொழியில் ‘ரம்புட்’ என்றால் மயிர். நம் ஊர் வெயிலும் மழையும் இதற்கு ஏற்றவை.

பழத்தைத் தின்று கொட்டையைப் புதைக்கிறோம். மரம் வளர்கிறது. பல ஆண்டுகள் காத்திருக்கிறோம். மரம் பூக்கிறது, காய்ப்பதில்லை. ஏன்?

ரம்புட்டானில் ஆண் மரம் உண்டு. அது காய்க்காது. கன்றைப் பார்த்து ஆணா, பெண்ணா என்று சொல்ல முடியாது. நம்மிடம் இருப்பதோ ஐந்து சென்ட் நிலம். காய்க்காத மரத்துக்கு அதில் இடம் ஏது?

ஆகவே, ஒட்டுக் கன்று வாங்குங்கள். நன்றாகக் காய்க்கும் மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டிய கன்று அது. மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும்.

நடும் முறை:

1. வெயில் படும் இடத்தில் இரண்டரை அடிக் குழி தோண்டுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது.

2. மேல் மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்புங்கள்.

3. ஜூனில் மழை தொடங்கியதும் நடுங்கள். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும்.

4. ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் கிள்ளி விடுங்கள்.

5. கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள்.

பழுக்கும்போது வௌவால் வரும். மரத்துக்கு வலை போடுங்கள். 2018-ல் கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல் பல உயிர்களைப் பறித்தது. வௌவால் மூலம் பரவும் நோய் அது. கடிபட்ட பழத்தைத் தின்னாதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் பஞ்சாயத்தின் கிருஷி பவனில் கேளுங்கள்.

விடை சொல்லுங்கள்:

1. கொட்டை போட்டு வளர்த்த மரம் சில சமயம் காய்க்காதது ஏன்?

2. வலை எதற்கு?