தீபாவளிச் சரக்கு இறங்கும் முன் குழாயைப் பாருங்கள்

பழைய கட்டடத்தில் வியாபாரம் செய்யும் நாம் தினமும் பூட்டைச் சரிபார்க்கிறோம், கல்லாவைச் சரிபார்க்கிறோம். குடோன் சுவரோரம் மேல்மாடியிலிருந்து இறங்கி வரும் கறுப்பு இரும்புக் குழாயை மட்டும் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேல்மாடிக் கழிவறைத் தண்ணீர் முழுவதும் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. அதில் ஓர் இணைப்பு விட்டுப் போனால் நனைவது அடியில் அடுக்கிய சர்க்கரையும் பருப்பும் துணிக்கட்டும்தான். கழிவுநீர் பட்ட உணவுப் பொருளைக் காயவைத்து விற்க முடியாது, விற்கவும் கூடாது. அந்த நஷ்டம் முழுவதும் நம் தலையில்தான் விழும்.

குழாயின் இயல்பு

பிளம்பர்கள் இதை சி.ஐ. பைப் என்பார்கள், வார்ப்பிரும்பால் ஆனது. தீப்பற்றாது, தண்ணீர் விழும் சத்தம் அதிகம் கேட்காது, நன்கு பராமரித்தால் பல தலைமுறைக்கு உழைக்கும். ஆனால் வளைந்து கொடுக்காது. ஓங்கி அடித்தால் உடையும். ஒரு குழாயின் நுனி அடுத்த குழாயின் சாக்கெட்டுக்குள் உட்காரும். இடைவெளியில் கீல் தோய்த்த சணலைத் திணித்து, மேலே ஈயத்தை உருக்கி ஊற்றி, ஆறியபின் உளியால் அடித்து இறுக்கியிருப்பார்கள்.

வயதானால் இதில் ஒரு சூது உண்டு. இரும்பு அரித்துப் போய், கிராஃபைட் என்னும் கரி மட்டும் அதே வடிவத்தில் நிற்கும். பார்வைக்குக் குழாய் முழுசாகத் தெரியும். சாவியால் கீறினால் பென்சில் கரி போலக் கறுப்பாக உதிரும். படுக்கையாகச் செல்லும் குழாயில் இன்னொரு விபரீதம். கழிவிலிருந்து எழும் வாயு, குழாயின் மேற்புற ஈரத்தில் அமிலமாக மாறி மேல்பக்கத்தையே அரிக்கிறது. தண்ணீர் அடியில் ஓடும் வரை ஒன்றும் தெரியாது. என்றைக்கு அடைப்பு ஏற்பட்டுக் குழாய் நிரம்புகிறதோ, அன்றைக்கு மேல்பக்க ஓட்டை வழியே பீறிடும்.

நாமே பார்க்க வேண்டியவை

1. உளி மரப்பிடியால் குழாயை மெதுவாகத் தட்டுங்கள். மணி போல் ஒலித்தால் நல்லது. ‘தொப்’பென்று மழுங்கிய ஓசை வந்தால் விரிசலோ அரிப்போ இருக்கலாம். சுத்தியலால் அடிக்காதீர்கள்.

2. இணைப்புகளின் கீழே துருக்கோடு, சுவரில் ஈரம், உப்புப் பூத்தல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

3. குழாயின் மேல்நுனி மொட்டைமாடிக்கு மேல் திறந்திருக்க வேண்டும். நாற்றம் என்று அதை அடைத்துவிட்டால், தண்ணீர் இறங்கும் வேகத்தில் டிராப்பில் நிற்கும் நீரும் இழுபட்டுப் போய், நாற்றமும் கரப்பானும் கடைக்குள் வரும்.

4. இணைப்பில் அரசங்கன்று முளைத்திருந்தால் துளிர்விடும்போதே பிடுங்குங்கள். வேர் தடித்த பின் இழுத்தால் இணைப்பும் கூடவே வரும்.

5. அடைப்பு நீக்க ஆசிட் ஊற்றாதீர்கள். அது அடைப்போடு இரும்பையும் தின்னும்.

பழுது பார்க்கும் முறை

இணைப்பில் மட்டும் கசிவு என்றால், பழகிய பிளம்பர் ஈயத்தை மறுபடி இறுக்கினாலே நிற்கலாம். ஊசித் துளைக்குத் துருவைச் சுரண்டி, உலர வைத்து எம்-சீல் அடைப்பது தற்காலிக வைத்தியம். நீளவாக்கில் விரிசல் கண்டால் அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். சிமென்ட் பூசி மறைப்பது வெடிப்பை மறைக்குமே தவிர கசிவை நிறுத்தாது.

துண்டு எடுக்கும் முன், அதற்கு மேலுள்ள குழாயைச் சுவரோடு கிளாம்ப் போட்டுத் தாங்க வேண்டும். இல்லையேல் மேல்குழாய் அத்தனையும் வேலை செய்பவர் தலையில் இறங்கும். மாற்றாக பி.வி.சி. போட்டால், பழைய இரும்போடு சேருமிடத்தில் ரப்பர் கப்ளிங் வைத்து உலோகப் பட்டையால் இறுக்கச் சொல்லுங்கள். ஈயம் உருக்கும் வேலையானால் சரக்கை அகற்றி, காற்றோட்டம் உண்டாக்குங்கள். இணைப்பில் ஈரம் இருந்தால் உருகிய ஈயம் வெடித்துத் தெறிக்கும்.

சாக்கடைக் குழிக்குள் ஆளை இறக்கி அடைப்பு எடுக்கச் சொல்லவே கூடாது. அங்குள்ள விஷவாயு நொடியில் உயிரைப் பறிக்கும். பாதுகாப்புச் சாதனமின்றி இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும். இயந்திரத்தை வரவழையுங்கள்.

செலவு யாருடையது?

வாடகைக் கடைகளில் தகராறு இங்கேதான். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், குழாய் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு; வடிகால் சுத்தம் செய்வது வாடகைதாரர் பொறுப்பு. எனவே ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். கசிவு கண்டதும் வாய்மொழியாகச் சொன்னதோடு நிற்காமல், தேதியிட்டுக் கடிதமாகக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். மேல்மாடிக்காரரையும் கலந்து பேசுங்கள். குழாய் ஒன்றுதான், அது எல்லோருக்கும் பொது.

எப்போது செய்வது?

ஆடித் தள்ளுபடி முடிந்து குடோன் காலியாக இருக்கும் ஆவணி மாதமே தக்க காலம். தீபாவளிச் சரக்கு இறங்கி அடுக்கிவிட்டால் சுவரே கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஐப்பசி அடைமழையும் வந்துவிடும். சரக்கு இறங்கும்போதும் குழாயிலிருந்து மூன்றடி விட்டு, தரையில் பலகை போட்டு அடுக்குங்கள். நடந்துபோய்ப் பார்க்க ஒரு சந்து இருக்கட்டும். அரை நாள் செலவழித்துக் குழாயைப் பார்த்தவருக்கு, மழை இரவில் கடையை நினைத்து விழித்திருக்க வேண்டிய அவசியம் இராது.