வாடிக்கையாளர் வலைத்தளத்துக்கு எந்த ஃப்ரேம்வொர்க்?

புதிதாக வந்த ஃப்ரேம்வொர்க்கைப் பார்த்ததும் அடுத்த புராஜெக்ட்டிலேயே அதைப் போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். ஆனால் பணம் போடுபவர் வாடிக்கையாளர். தளத்தை ஒப்படைத்த பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார் என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள். அதற்கு நான்கு கேள்விகள் உதவும்.

தளத்தைத் தினமும் மாற்றப்போவது யார்?

வாடிக்கையாளரே மாற்றப்போகிறார் என்றால் ஜாங்கோ என்னும் ஃப்ரேம்வொர்க் கைகொடுக்கும். அது உருவானது அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்' நாளிதழ் அலுவலகத்தில். 2005-ல் அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. செய்தியாளர்களே செய்தியை ஏற்ற வேண்டிய இடம் என்பதால் அட்மின் பக்கம் அதிலேயே அமைந்தது. பொருளின் பெயர், விலை, படம் என்று ஒரு மாடல் எழுதி அட்மினில் பதிவு செய்தால் போதும். சேர்க்க, திருத்த, நீக்கப் படிவங்கள் தயாராகிவிடும். ஜவுளிக்கடைக்காரர் புடவை விலையை மாற்ற உங்களுக்குப் போன் செய்ய வேண்டியதில்லை. கடை அறிமுகமும் சில பக்கங்களும் மட்டும்தான் தேவையென்றால் வேர்ட்பிரஸே போதும்.

ஹோஸ்டிங் செலவு யாருடையது?

மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் பி.எச்.பி. அநேகமாக எப்போதும் கிடைக்கும். பி.எச்.பி.யில் இயங்கும் வேர்ட்பிரஸுக்கும் லாரவெல் ஃப்ரேம்வொர்க்குக்கும் இது பெரிய பலம். ஜாங்கோவோ, சர்வரில் இயங்கும் நெக்ஸ்ட்.ஜேஎஸ் தளமோ என்றால், அதற்கேற்ற ஹோஸ்டிங்கின் மாதச் செலவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எத்தனை காலம் தாங்கும்?

கூகுள் 2010-ல் வெளியிட்ட ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்தது. அதில் கட்டிய தளங்களை வேறொன்றுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. லாரவெலின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 2 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். ஜாங்கோவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு 3 ஆண்டுகள். அதற்குள் பதிப்பை உயர்த்தியாக வேண்டும். ஆகவே கொட்டேஷனில் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைத் தனியாகக் காட்டுங்கள்.

நீங்கள் விலகினால்?

வாடிக்கையாளர் ஊரிலேயே இந்த வேலை தெரிந்த இன்னொருவர் கிடைப்பாரா என்று பாருங்கள். டொமைனும் ஹோஸ்டிங்கும் வாடிக்கையாளர் பெயரிலேயே இருக்கட்டும். கோடு, பாஸ்வேர்டு, பேக்கப் எடுக்கும் முறை மூன்றையும் எழுத்தில் ஒப்படையுங்கள்.

ஆரம்பத்தில் வேர்ட்பிரஸையும், லாரவெல், ஜாங்கோ இரண்டில் ஒன்றையும் ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். சிறு, நடுத்தர வாடிக்கையாளர்கள் கேட்கும் பெரும்பாலான வேலைகளை இவற்றைக் கொண்டே முடித்துக் கொடுக்கலாம்.