ஒப்பிக்கும் இலக்கணம் போதுமா?

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆங்கில இலக்கண விதிகளை ஒப்பிக்கிறாள், பேசும்போது தப்பு விடுகிறாள். இன்னொரு பயிற்சிப் புத்தகம் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். விதியைச் சொல்லத் தெரிவது வேறு, அதன்படி பேச வருவது வேறு. 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கற்பனைப் பிராணியின் படத்தைக் காட்டி, ‘இது வக்’ என்றார். இரண்டைக் காட்டியதும் சிறு பிள்ளைகள் பெரும்பாலும் ‘வக்ஸ்’ என்றார்கள். முன்பின் கேட்டிராத சொல்லுக்கும் விதி பொருந்தி வந்தது, கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டதால்தான். ‘வென்ட்’ என்னாமல் ‘கோ-எட்’ என்கிற பிள்ளையும் விதியைப் பிடித்துவிட்டது, அதட்டாதீர்கள்.

அவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி, நம் பிள்ளைகள் வகுப்பில் மட்டும்தானே கேட்கிறார்கள் என்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் வீட்டில் பயிற்சி தேவை என்கிறேன், ஆனால் காதுக்கும் வாய்க்கும். படக்கதை ஒன்றைச் சேர்ந்து வாசியுங்கள். பூனை தினமும் என்ன குடிக்கும் என்று கேளுங்கள். ‘கேட் ட்ரிங்க் மில்க்’ என்றால், ‘ஆமாம், தி கேட் ட்ரிங்க்ஸ் மில்க்’ என்று திருப்பிச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடருங்கள். அந்த ‘ஸ்’ தாய்மொழிக் குழந்தைகளுக்கே தாமதமாகத்தான் படிகிறது என்று 1973இல் உளவியலாளர் ரோஜர் பிரவுன் எழுதியிருக்கிறார். பரீட்சைக்குக் கோடிட்ட இடம் நிரப்பிப் பழக, பள்ளிப் புத்தகமே போதும்.