மென்பொருள் கையேட்டில் பிழை திருத்த சில குறிப்புகள்

கதைப் புத்தகத்தில் ஓரெழுத்து மாறியிருந்தால் வாசகர் ஊகித்துப் படித்துக்கொள்வார். மென்பொருள் கையேட்டைப் பார்த்து வேலை செய்பவர் அதில் உள்ளதை உள்ளபடியே தட்டுகிறார். பிழையும் சேர்ந்தே கணினிக்குள் போகிறது. லிப்ரே ஆபீஸ், க்னோம், கேடிஇ போன்ற கட்டற்ற மென்பொருள்களின் கையேடுகளைத் திருத்த யாரும் உதவலாம். அப்படி இறங்குபவர்களுக்காக இவை.

1. சொல்திருத்தியை ஓட்டியதோடு நிறுத்திவிடாதீர்கள். தமிழில் மோசமான பிழைகள் சரியான சொல்லின் வேடத்திலேயே வரும். 'ஒலி அளவைக் குறைக்கவும்' என்பது 'ஒளி அளவை' ஆகிவிட்டால், படிப்பவர் திரை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, சத்தம் ஏன் குறையவில்லை என்று திண்டாடுவார். 'அனுமதியை அளிக்கவும்' என்பதில் 'ளி' போய் 'ழி' வந்தால் பொருளே தலைகீழ். இரண்டையும் சொல்திருத்தி கண்டுகொள்ளாது. மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, கையேடு சொல்கிறபடி ஒவ்வொரு படியாகச் செய்து பாருங்கள்.

2. 'மௌனம்' என்பதைச் சிலர் கொம்பும் 'ள'வும் போட்டு 'மெளனம்' என்று அடித்திருப்பார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. சரியாக அடித்துத் தேடுபவருக்கு அந்தப் பக்கம் அகப்படாது. இதைத் திருத்த 'அனைத்தையும் மாற்று' பட்டனை மட்டும் அழுத்திவிடாதீர்கள். 'வெளியேறு', 'தெளிவு' ஆகியவற்றில் வருவது உண்மையான 'ள'; அவையும் கெட்டுப்போகும். ஒலி–ஒளி திருத்தும்போதும் இதே ஆபத்துதான்: ஒளிப்படம் ஒலிப்படமாகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள்.

3. கட்டளை வரிகளை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். வேர்ட், ரைட்டர் போன்றவை அடுத்தடுத்து வரும் இரண்டு சிறுகோடுகளை ஒரே நீளக் கோடாகவும், நேரான மேற்கோள் குறியை வளைந்ததாகவும் தாமாகவே மாற்றிவிடும். பார்க்க அழகுதான். ஆனால் அந்த வரியைக் காப்பி செய்து டெர்மினலில் ஒட்டினால் ஓடாது. புதிதாகக் கற்பவர் தன் மீதுதான் தவறு என்று நினைத்து விட்டுவிடுவார். அதனால் கட்டளைகள் உள்ள பக்கத்தை எளிய உரைத் திருத்தியில் மட்டும் திறங்கள்.

4. கையேட்டில் உள்ள மெனு பெயரும் திரையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். திரையிலேயே பிழை இருந்தால், கையேட்டை மட்டும் திருத்துவது படிப்பவரைக் குழப்பும். முதலில் மென்பொருள் பக்கம் புகார் கொடுங்கள்.

5. சில பிழைகளைத் தொடவே கூடாது. இணைய நெறிமுறையில் 'ரெஃபரர்' என்ற தலைப்புப் பெயர், 1996-ல் வெளியான ஆவணத்திலேயே ஓர் 'ஆர்' குறைவாக இடம்பெற்று, இன்றும் அப்படியே வழங்குகிறது. பின்னால் வந்த 'ரெஃபரர் பாலிசி' தலைப்பிலோ எழுத்து சரியாக இருக்கிறது. அதனதன் இடத்தில் இரண்டும் சரி. யூனிக்ஸில் கோப்பு உருவாக்கும் 'கிரியேட்' அழைப்புக்கும் கடைசி 'ஈ' கிடையாது; மறுபடி செய்வதானால் அதைச் சேர்ப்பேன் என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சனே சொல்லியிருக்கிறார். நல்லெண்ணத்தில் அந்த எழுத்தைச் சேர்த்தால் நிரல் வேலை செய்யாது.

6. மொழிபெயர்ப்புக் கோப்பில் '%1' போன்ற குறிகளை அப்படியே விடுங்கள். எண்ணோ கோப்புப் பெயரோ வந்து உட்காரும் இடம் அது. லிப்ரே ஆபீஸில் '~', கேடிஇயில் '&', க்னோமில் '_' ஆகியவை குறுக்குவிசைக்கான அடையாளங்கள், தவறி விழுந்த தூசி அல்ல.

7. ஆங்கில மூலத்தில் ஒரேயொரு எழுத்தைத் திருத்தினாலும், கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறையில் அந்த வரியின் எல்லா மொழிபெயர்ப்புகளும் 'ஐயத்துக்குரியவை' ஆகிவிடும். மொழிபெயர்ப்பாளர் மறுபடி பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை தமிழ்ப் பயனருக்கு அங்கே ஆங்கிலமே தெரியும். வெளியீடு நெருங்குவதால் வரிகளை மாற்றாமல் நிறுத்திவைக்கும் 'ஸ்ட்ரிங் ஃப்ரீஸ்' நாட்களில் மூலத்தைத் தொடாமல், அது முடிந்ததும் அனுப்புங்கள். மொழிபெயர்ப்புக் குழுவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

8. இலங்கைத் தமிழர் 'கணனி' என்று எழுதினால் அது வழக்கு, பிழை அல்ல. ஒரே கையேட்டில் 'கணினி'யும் 'கணனி'யும் கலந்திருந்தால் மட்டும் குழுவிடம் கேளுங்கள்.

9. பிடிஎஃபையோ வலைப்பக்கத்தையோ திருத்திப் பயனில்லை. அடுத்த முறை உருவாகும்போது பழைய பிழை திரும்பிவிடும். மூலக் கோப்பைத் தேடிப் பிடியுங்கள். வளர்ச்சிப் பதிப்பில் யாராவது ஏற்கெனவே திருத்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

10. திருத்தும்போது பத்தியை மறுபடி மடித்து ஒழுங்குபடுத்தாதீர்கள். ஓரெழுத்து மாற்றம் இருபது வரி மாற்றமாகத் தெரிந்தால், சரிபார்ப்பவர் எதைப் பார்ப்பார்? எழுத்துப் பிழையை ஓர் அனுப்புதலாகவும், நடையைச் செம்மை செய்வதை வேறோர் அனுப்புதலாகவும் வையுங்கள்.

11. நேரடியாகத் திருத்தத் தெரியாவிட்டாலும் தயங்க வேண்டாம். மென்பொருளின் பதிப்பு எண், பக்கத் தலைப்பு, பிழையான வரி, சரியான வரி ஆகிய நான்கையும் எழுதி அனுப்பினால் போதும். வரியைப் படமாக மட்டும் அனுப்பாமல் உரையாகவும் ஒட்டுங்கள். திருத்துபவர் அதை வைத்துத்தான் மூலத்தில் தேடுவார்.